மூக்கு முனைக்கு முன்னால்: வோல்டேஜ் ஸ்டெபிலிட்டியைக் கணக்குப் போடும் வழி

என்னிடம் வேலை பழக வருகிறவர்களை முதல் மூன்று நாள் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டேன். ஒரு நோட்டு, வர்க்கமூலம் போடத் தெரிந்த கால்குலேட்டர், காகிதத்தில் இரண்டு பஸ் (லைன்கள் வந்து சேரும் சந்திப்புகள்). "மேடம், சாஃப்ட்வேர்ல ஒரு பட்டனைத் தட்டினா பிவி கர்வ் வந்துடுமே?" என்று கேட்காதவர்கள் குறைவு. வரும்தான், லோடு ஏற ஏற வோல்டேஜ் எப்படி இறங்குகிறது என்று காட்டும் அந்த வளைகோடு. ஆனால் வந்த வளைகோட்டில் எந்தப் பகுதி நிஜமான மின்கட்டமைப்பு, எந்தப் பகுதி வெறும் கணிதம் என்று பட்டன் சொல்லாது. அதைப் பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். லோடு ஃப்ளோ என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

என் வேலை கோயம்புத்தூரில். காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் 110, 230 கிலோவோல்ட் கட்டமைப்போடு இணைப்பதற்கு முன் செய்யும் ஆய்வுகள். பதினாறு வருடமாக இதே வேலை. இதில் நான் கற்ற பெரிய பாடம் ஒரு தவறிலிருந்து வந்தது. அது இந்தக் கட்டுரையின் நடுவில் வரும்.

முதலில் டோக்கியோ. 1987 ஜூலை 23, கடும் வெயில். மதிய உணவு இடைவேளை முடிந்து அலுவலகங்களும் ஆலைகளும் மறுபடி ஓட ஆரம்பித்ததும் லோடு நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் வீதம் ஏறியது. கையிலிருந்த கெப்பாசிட்டர்களையெல்லாம் போட்டுவிட்டார்கள். அப்படியும் 500 கிலோவோல்ட் கட்டமைப்பின் மேற்குப் பகுதியில் வோல்டேஜ் 370 கிலோவோல்ட் வரை இறங்கியது. கடைசியில் ரிலேக்கள் லைன்களைப் பிரிக்க, 8,000 மெகாவாட்டுக்கு மேல் லோடு போயிற்று, சுமார் 28 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. இதற்கு முன்னால் எந்த லைனிலும் ஃபால்ட் வரவில்லை. வோல்டேஜ் குறையக் குறைய கரண்ட்டைக் கூட்டி இழுக்கும் ஏசி இயந்திரங்கள், அதனால் லைன்களில் கூடும் ரியாக்டிவ் இழப்பு (ரியாக்டிவ் என்பது வேலை செய்யாமல், வோல்டேஜைத் தாங்க மட்டும் தேவைப்படும் பவர்; அளவு வார், மெகாவார்), அதனால் மேலும் இறங்கும் வோல்டேஜ். ஃபால்ட் இல்லாமலே ஒரு கட்டமைப்பு சரிந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

இப்போது நோட்டை எடுங்கள்.

ஒரு பக்கம் வோல்டேஜ் 1.0 பெர் யூனிட்டில் (அடிப்படை அளவில் எத்தனை மடங்கு என்ற கணக்கு) நிற்கும் ஜெனரேட்டர் பஸ். மறுபக்கம் லோடு பஸ். நடுவில் லைன், ரியாக்டன்ஸ் 0.5 பெர் யூனிட், ரெசிஸ்டன்ஸை விட்டுவிடுங்கள். 100 எம்விஏ அடிப்படையில் 110 கிலோவோல்ட்டுக்கு இது 60.5 ஓம். கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று வைத்தால் 150 கிலோமீட்டர் சிங்கிள் சர்க்யூட் லைன். லோடின் பவர் ஃபேக்டர் 1, அதாவது லோடு ரியாக்டிவ் எதுவும் இழுக்கவில்லை. லோடை ‘பி’ என்றும் லோடு பஸ் வோல்டேஜை ‘வி’ என்றும் எழுதுவோம். எதையும் தோராயமாக்காமல் சமன்பாடு இப்படி வரும்:

எஸ் = √(1 − பி²)
வி² = (1 ± எஸ்) ÷ 2

பி 0.8 என்று போடுங்கள். எஸ் 0.6. வி² ஒன்று 0.8, இன்னொன்று 0.2. அதாவது ஒரே 80 மெகாவாட்டை 0.894 வோல்டேஜிலும் கொண்டுபோகலாம், 0.447 வோல்டேஜிலும் கொண்டுபோகலாம். மேலே உள்ளதுதான் நாம் வாழும் விடை. கீழே உள்ளதில் கரண்ட் இரண்டு மடங்கு. பி ஏற ஏற இரண்டு விடைகளும் நெருங்கி வந்து, பி 1.0 ஆகும்போது 0.707இல் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் விடை இல்லை. நோஸ் பாயிண்ட் என்று நாம் சொல்லும் மூக்கு முனை அதுதான்.

உடனே பவர் ஃபேக்டரை மாற்றிப் பாருங்கள். 0.9 லேகிங் (லோடு ரியாக்டிவும் இழுக்கிறது) என்றால் மூக்கு முனை 0.627 லோடில், 0.590 வோல்டேஜில் வரும். கெப்பாசிட்டர்களைக் கொட்டி அதே லோடை 0.9 லீடிங் (ரியாக்டிவைத் திருப்பித் தருகிறது) ஆக்கினால் முனை 1.595 லோடுக்குத் தள்ளிப் போகும். வோல்டேஜ்? 0.941. இந்த எண்ணை நோட்டில் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். 400 கிலோவோல்ட் பஸ்ஸுக்கு நம் நாட்டு விதிப்படி 380 முதல் 420 கிலோவோல்ட் வரை அனுமதி. 0.941 அந்த எல்லைக்கு வெறும் 4 கிலோவோல்ட்தான் கீழே. மீட்டரில் வோல்டேஜ் நன்றாகத் தெரிகிறது, ஆகவே கட்டமைப்பும் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை இந்த ஒரு வரியில் உடைந்துபோகும். கெப்பாசிட்டர் வோல்டேஜைத் தூக்கிப் பிடிக்கும், ஆனால் விளிம்பையும், அதாவது மூக்கு முனையையும், அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வரும்.

நியூட்டன் எங்கே தடுமாறுகிறது

நிஜக் கட்டமைப்பில் ஆயிரக்கணக்கான பஸ்கள். வர்க்கமூலம் போட்டு விடை காண முடியாது, ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும் நியூட்டன்–ராஃப்சன் வேண்டும். 1967இல் டின்னியும் ஹார்ட்டும் எழுதிய முறைதான் இன்றும் எல்லா மென்பொருளுக்குள்ளும் ஓடுகிறது. அதை நம் இரண்டு பஸ்ஸில் கையால் ஓட்டுங்கள். பி 0.8, தொடக்கம் வோல்டேஜ் 1, கோணம் (இரண்டு பஸ் வோல்டேஜுகளுக்கும் இடையிலான ஃபேஸ் வித்தியாசம்) 0. முதல் சுற்றில் கோணம் மட்டும் 0.4 ரேடியன் ஆகும், வோல்டேஜ் அசையாது. அடுத்தடுத்த சுற்றுகளில் வோல்டேஜ் 0.909, 0.895, பிறகு 0.894. கோணம் 0.464 ரேடியன், அதாவது 26.6 டிகிரி. உங்கள் நிரலில் இதே எண்கள் வராவிட்டால் பெரிய கட்டமைப்புக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் ஜேக்கோபியனில், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் திருத்தத்தைக் கணக்கிட உதவும் வகைக்கெழு அணியில், ஒரு குறி மாறியிருக்கும்.

இந்த ஜேக்கோபியனின் அணிக்கோவையை எழுதிப் பார்த்தால் அதன் உயிர்நாடி ஒரு சின்ன உறுப்பில் இருக்கும்: 1 − 2 × வி × கொசைன் கோணம். லோடே இல்லாதபோது இது −1. பி 0.8இல் −0.6. மூக்கு முனையில் பூஜ்யம். பவர் ஃபேக்டர் 1 உள்ள நம் லைனில் அந்த இடத்தில் கோணம் சரியாக 45 டிகிரி. அணிக்கோவை பூஜ்யமானால் நேர்மாறு கிடையாது, நியூட்டன் அங்கே நின்றுவிடும்.

நின்றுவிடும் என்றுதான் பாடங்களில் இருக்கும். நடைமுறையில் அது நிற்பதற்கு முன்பே சோர்ந்துபோகும். சாதாரணமாக நியூட்டனில் பிழை ஒவ்வொரு சுற்றிலும் வர்க்க வேகத்தில் சுருங்கும். முனைக்குப் பக்கத்தில் பாதி பாதியாகத்தான் குறையும். நாலு சுற்றில் முடியும் கணக்கு பத்து, பன்னிரண்டு சுற்று இழுத்தால் நீங்கள் விளிம்புக்கு அருகில் இருக்கிறீர்கள். சுற்று எண்ணிக்கையைத் திரையில் ஓடவிட்டு மறந்துவிடாதீர்கள், எழுதி வையுங்கள்.

இதன் மறுபக்கமும் முக்கியம். நியூட்டன் விடை தரவில்லை என்பதாலேயே கட்டமைப்பு சரிந்துவிட்டது என்று எழுதக்கூடாது. லோடை ஒரே தாவலில் ஏற்றியிருக்கலாம். இரண்டு டேப் சேஞ்சர்கள் (டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜ் விகிதத்தை மாற்றும் கருவிகள்) ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கலாம். ஒரு ஜெனரேட்டர் பஸ் வார் எல்லையை (தரக்கூடிய ரியாக்டிவின் உச்சத்தை) தொட்டும் விட்டும் ஊசலாடிக்கொண்டிருக்கலாம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸை அதன் சொந்த எம்விஏ அடிப்படையிலேயே உள்ளிட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நான் வருடத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவரின் ஃபைலில் பார்க்கிறேன்.

முனையைத் தாண்டி நடப்பது

முனை வரை போய் அதைச் சுற்றித் திரும்ப வேண்டுமானால் கன்டினுவேஷன் பவர் ஃப்ளோ. 1992இல் அஜ்ஜரப்புவும் கிறிஸ்டியும் மின்கட்டமைப்புக்குக் கொண்டுவந்த முறை. யோசனை எளிது. இதுவரை லோடை நாம் நிர்ணயித்தோம், வோல்டேஜைக் கணக்கிட்டோம். முனைக்கு அருகே அதைத் தலைகீழாக்க வேண்டும்: வோல்டேஜை நாம் நிர்ணயித்து, எவ்வளவு லோடு என்று கேட்க வேண்டும்.

கையால் செய்து பாருங்கள். பி 0.9இல் நிற்கிறோம், வி 0.847. அங்கே தொடுகோட்டின் சரிவு −0.609, அதாவது லோடு 0.1 ஏறினால் வோல்டேஜ் சுமார் 0.06 இறங்கும். தொடுகோட்டின் மேல் லோடு 0.15 ஏறும் வரை போங்கள்: பி 1.05, வி 0.756. இது ஊகம் மட்டும். திருத்துவதற்காக பி 1.05இல் நிலைநிறுத்தி நியூட்டனை ஓட்டினால் விடையே வராது, ஏனென்றால் 1.0க்கு மேல் விடை இல்லை. அதற்குப் பதிலாக வி 0.756 என்று நிலைநிறுத்தி பி என்ன என்று கேளுங்கள். 0.990 என்று நிதானமாகப் பதில் வரும். அடுத்து வோல்டேஜை 0.706க்கு இறக்குங்கள்: பி 1.000. இன்னும் இறக்கி 0.656: பி மறுபடி 0.990. லோடு திரும்பிவிட்டது. முனையைத் தாண்டிவிட்டீர்கள், ஒரு இடத்திலும் கணக்கு உடையவில்லை.

பெரிய கட்டமைப்பில் செய்வதும் இதேதான். எல்லா லோடுகளையும் ஏற்றும் ஒரு பெருக்கியை லாம்டா என்று வைத்து, அதை இன்னொரு தெரியாத எண்ணாகச் சேருங்கள். ஜேக்கோபியனுக்கு ஒரு செங்குத்துப் பத்தி கூடும். அதைச் சதுரமாக்க ஒரு வரிசையும் சேர்க்க வேண்டும், அந்த வரிசையில் ஒரே ஓர் இடத்தில் 1, மற்றதெல்லாம் பூஜ்யம். எந்த இடத்தில் 1 போடுவது? தொடுகோட்டு வெக்டரில் குறியை விட்டுவிட்டு எந்த உறுப்பு பெரிதோ அங்கே. தொடக்கத்தில் அது லாம்டாவாக இருக்கும். முனை நெருங்கும்போது தானாகவே ஏதோ ஒரு பஸ்ஸின் வோல்டேஜுக்கு மாறும். எந்த பஸ்ஸுக்கு மாறுகிறதோ அதுதான் அந்தப் பகுதியின் பலவீனமான பஸ். இந்தத் தகவலுக்குத் தனிக் கணக்கு எதுவும் தேவையில்லை என்பதால் எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். பெரிதாக்கிய இந்த அணி முனையிலும் நேர்மாறு உள்ளதாகவே இருக்கும், அதனால்தான் நடை நிற்பதில்லை.

அடியின் நீளத்தை 0.1இல் தொடங்குங்கள். திருத்தம் மூன்று சுற்றில் முடிந்தால் அடியைக் கொஞ்சம் நீட்டுங்கள், ஆறு சுற்றைத் தாண்டினால் பாதியாக்குங்கள். லாம்டாவின் தொடுகோட்டு உறுப்பு குறி மாறும் இடம் முனை.

லாம்டா ஏறும்போது உற்பத்தியையும் யார் யார் எவ்வளவு ஏற்றுவது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், கணக்கில் மீதியையெல்லாம் ஈடுகட்டும் ஸ்லாக் பஸ் ஒன்றே அத்தனை மெகாவாட்டையும் தரும். எங்கோ தொலைவில் உள்ள ஸ்லாக்கிலிருந்து மின்சாரம் ஓடிவருவதாகக் கணக்கு காட்டும் விளிம்பு உங்கள் ஊர் விளிம்பு அல்ல. காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து மின்சாரம் மேலே போகும் நாளையும், காற்று நின்ற சாயங்காலத்தையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் பலவீனமான பஸ்கள் வேறு வேறாக வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு 110 கிலோவோல்ட் பகுதிக்கு எவ்வளவு கூடுதல் லோடு தாங்கும் என்று கேட்டிருந்தார்கள். கன்டினுவேஷன் ஓட்டி, அழகான மூக்கோடு படம் போட்டு, தாராளமாக இடம் இருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். எங்கள் சீனியர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"எந்த மெஷின் முதல்ல வார் லிமிட்டுக்குப் போகுதும்மா?"

"பார்க்கலை சார்."

"அப்போ இது பாதி வேலைம்மா."

மென்பொருளில் ஜெனரேட்டர் வார் எல்லையைக் கணக்கில் எடு என்ற விருப்பத்தை நான் போடவில்லை. போட்டு மறுபடி ஓட்டினேன். மூக்கே வரவில்லை. வளைகோடு பாதி வழியில், வோல்டேஜ் இன்னும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே, வெட்டியதுபோல் முடிந்தது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை என்பதை அவர் அன்று மாலை இரண்டு பஸ்ஸில் எனக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். நான் மூன்று நாள் நோட்டுப் பழக்கம் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

நம் ஜெனரேட்டர் 1.0 வோல்டேஜை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? ஃபீல்டு கரண்ட்டைக் கூட்டித்தான். லைன் தின்னும் ரியாக்டிவ் முழுவதையும் அதுதான் தர வேண்டும். நம் கணக்கில் அந்த அளவு 1 − எஸ். லோடு 0.8 ஆகும்போது 0.4, அதாவது 40 மெகாவார். இயந்திரத்தின் சிங்க்ரனஸ் ரியாக்டன்ஸ் 1.0 என்றால், உள்ளே இருக்க வேண்டிய இஎம்எஃபின் (இயந்திரம் உள்ளுக்குள் உண்டாக்கும் வோல்டேஜின்) வர்க்கம் 5 − 4 × எஸ் என்று வரும். ரோட்டர் சூட்டுக்கு அஞ்சி இதற்கு ஓர் உச்சம் உண்டு. 1.5 என்று வைப்போம். அப்படியானால் 2.25 = 5 − 4 × எஸ், எஸ் 0.6875, லோடு 0.726. அந்த இடத்தில் லோடு பஸ் வோல்டேஜ் 0.919.

அங்கே எல்லை தொட்டாயிற்று. இனிமேல் ஜெனரேட்டர் டெர்மினலில் 1.0 நிற்காது. நிலையாக நிற்பது உள்ளே இருக்கும் 1.5 மட்டும், அதற்குப் பின்னால் ரியாக்டன்ஸ் 1.0 + 0.5 = 1.5. இது வேறொரு லைன், வேறொரு மூக்கு. புதிய முனை 1.5² ÷ (2 × 1.5), அதாவது 0.75. இன்னும் 2.4 மெகாவாட் இடம் இருக்கிறதே என்று தோன்றும். இல்லை. புதிய முனையின் வோல்டேஜைப் பாருங்கள்: 1.5 ÷ √2 = 1.06. நாம் நிற்பதோ 0.919இல். புதிய வளைகோட்டில் 0.726 லோடுக்கு இரண்டு விடைகள், 1.186, 0.919. நாம் நிற்பது கீழ் விடையில். எல்லையைத் தொட்ட கணமே மேல் பக்கத்திலிருந்து கீழ் பக்கத்துக்கு வந்துவிட்டோம், ஓர் அடிகூட நகராமல். 0.726க்கு மேல் ஏறினால் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் விடை கிடையாது.

எல்லை இல்லாத கணக்கு 100 மெகாவாட் என்றது. உண்மை 72.6.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. ஜேக்கோபியனின் அந்தச் சின்ன உறுப்பு எல்லைக்குச் சற்று முன் −0.6875. எல்லை தொட்டதும் புதிய சமன்பாட்டில் (1 இருந்த இடத்தில் 1.5) +0.375. பூஜ்யத்தைத் தொடாமலே தாண்டிவிட்டது. அணிக்கோவை பூஜ்யத்தை நெருங்குகிறதா என்று காவல் இருந்தவனுக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. நிஜ இயந்திரத்தில் ஃபீல்டு லிமிட்டர் உடனே பாயாது, சில பத்து விநாடிகள் பொறுத்துத்தான் இறுக்கும். அந்த நேரமெல்லாம் கன்ட்ரோல் ரூமில் வோல்டேஜ் அமைதியாகவே தெரியும். காட்டிக்கொடுப்பது மெகாவார் மீட்டர் மட்டும்தான்.

ஆகவே கன்டினுவேஷன் ஓட்டும்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒவ்வொரு ஜெனரேட்டரின் மெகாவாரையும் எல்லையோடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் அந்த அடியை ஏற்காதீர்கள். பின்னோக்கி வந்து, எல்லையைச் சரியாகத் தொடும் லாம்டாவைக் கண்டுபிடியுங்கள். அங்கே அந்த பஸ்ஸை வோல்டேஜ் நிலையானதிலிருந்து வார் நிலையானதாக மாற்றி, தொடுகோட்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள். புதிய தொடுகோட்டில் லாம்டா குறைகிறது என்றால் பயணம் அங்கேயே முடிந்தது, அதுவே விளிம்பு. லாம்டா ஏறுகிறது என்றால் மேலே நடங்கள், அடுத்த இயந்திரம் காத்திருக்கிறது. அறிக்கையில் இந்த வரிசை முழுவதும் வர வேண்டும்: எந்த இயந்திரம், எந்த லோடில், எந்த வோல்டேஜில்.

ஆக்டேவ் என்ற கணித மென்பொருளில் ஓடும் மேட்பவர் என்ற லோடு ஃப்ளோ நிரல் இலவசம், பழகுவதற்கு நல்லது. அதன் கன்டினுவேஷனில் வார் எல்லையைப் பார்க்கும் விருப்பம் இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் போட வேண்டும். பயிற்சிக்கு 14 பஸ் கட்டமைப்பை எடுங்கள். 1962 பிப்ரவரியில் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் கட்டமைப்பின் ஒரு பகுதி இருந்தபடி எடுத்தது, மொத்த லோடு 259 மெகாவாட். அதில் 2ஆம் பஸ் இயந்திரத்துக்கு எல்லை 50 மெகாவார். லோடை ஒரு மெகாவாட்கூட ஏற்றாத நிலையிலேயே அது 42க்கு மேல் தந்துகொண்டிருக்கும். எல்லையைப் போட்டும் போடாமலும் இரண்டு முறை ஓட்டி, இரண்டு வளைகோட்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கண்ணால் பார்ப்பீர்கள்.

காற்றாலை உள்ள இடத்தில் எல்லை என்பது ஒரு நிலையான எண்கூட அல்ல. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள் வார் தருவதில்லை, வாங்குகின்றன, கெப்பாசிட்டரை நம்பி நிற்கின்றன. கெப்பாசிட்டர் தருவது வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப: 0.9 வோல்டேஜில் 81 சதவீதம்தான். புதிய கன்வெர்ட்டர் வகைகளுக்குக் கரண்ட் எல்லை, மெகாவாட் முழுதாக ஓடும்போது மெகாவாருக்கு மிச்சம் குறைவு. இவற்றை ஒரே சதுரமான எல்லையாக உள்ளிட்டால் விளிம்பு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

மற்ற இரண்டு கருவிகள்

மோடல் அனாலிசிஸ் என்பது 1992இல் காவ், மாரிசன், குந்தூர் மூவரும் கொடுத்தது. ஜேக்கோபியனில் மெகாவாட் மாற்றத்தைப் பூஜ்யமாக்கி, வாருக்கும் வோல்டேஜுக்கும் உள்ள உறவை மட்டும் ஓர் அணியாகச் சுருக்கி, அதன் மிகச்சிறிய ஐகன் மதிப்பைப் பார்ப்பது. இதன் நிஜமான பலம் பார்ட்டிசிபேஷன் ஃபேக்டர், அதாவது அந்த ஐகன் மதிப்பில் ஒவ்வொரு பஸ்ஸின் பங்கு: எந்த பஸ்கள் சேர்ந்து விழப்போகின்றன, கெப்பாசிட்டரை எங்கே வைத்தால் பலன் என்று சொல்லும். கெப்பாசிட்டர் இடம் தேர்வு செய்ய நான் வேறு எதையும் தேடுவதில்லை.

ஆனால் அதே ஐகன் மதிப்பை வைத்து இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லாதீர்கள். நம் லைனில் அதன் அளவு லோடு இல்லாதபோது 2.0, பாதி லோடில் 1.79, 0.8இல் 1.34, 0.99இல் 0.37. 0.5க்கும் 0.8க்கும் நேர்கோடு போட்டு நீட்டினால் விளிம்பு 1.69 என்று வரும். உண்மை 1.0. கடைசி நேரத்தில்தான் செங்குத்தாக விழும் எண் அது. வர்க்கம் எடுத்துவிட்டு நீட்டுங்கள்: 0.5, 0.8 புள்ளிகளிலிருந்து நீட்டினால் 1.18; 0.8, 0.99 புள்ளிகளிலிருந்து நீட்டினால் 1.006. முனைக்குப் பக்கத்தில் வர்க்கம் ஏறக்குறைய நேர்கோடாகிவிடுவதால் இது நடக்கிறது. இதுவும் வார் எல்லை குறுக்கே வராத வரைக்கும்தான்.

க்யூவி வளைகோடு இன்னும் எளிது. சந்தேகமுள்ள பஸ்ஸில் எல்லையில்லாத ஒரு சிங்க்ரனஸ் கண்டென்சர் (மெகாவார் மட்டும் தரும் அல்லது வாங்கும் இயந்திரம்) இருப்பதாகக் கற்பனை செய்து, வோல்டேஜை 1.1லிருந்து 0.01 வீதம் இறக்கிக்கொண்டே அது எவ்வளவு மெகாவார் தர வேண்டும் என்று குறியுங்கள். நம் லைனில் பி 0.8க்கு 0.894இல் பூஜ்யம், 0.64 வோல்டேஜில் அடிமட்டம், −0.18. அதாவது அந்த பஸ்ஸில் இன்னும் 18 மெகாவார் இழுத்தால் தாங்காது. கெப்பாசிட்டர் எத்தனை என்று கேட்கும் அதிகாரிக்கு நேரடியாக மெகாவாரிலேயே பதில் தரும் முறை இது, ஆகவே கடைசிக் கட்டத்தில் எனக்கு இது தேவைப்படும்.

லோடு மாதிரி பற்றி ஒரு வார்த்தை. மேலே எல்லாம் வோல்டேஜ் எதுவானாலும் மெகாவாட் மாறாத லோடு என்று வைத்தோம். சப்ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் டேப் சேஞ்சர் சில நிமிடங்களில் 11 கிலோவோல்ட்டைப் பழைய அளவுக்குத் தூக்கிவிடும், லோடும் திரும்பிவிடும். ஆகவே நிமிடக் கணக்கில் பார்க்கும்போது இந்த அனுமானம் நியாயம். பம்புசெட்டும் ஏசியும் நிறைந்த ஃபீடரில் விநாடிக் கணக்கிலேயே மோட்டார்கள் நின்று அதிகக் கரண்ட்டை இழுக்க ஆரம்பித்துவிடும். அதற்கு டைனமிக் சிமுலேஷன்தான் வேண்டும், இந்தக் கணக்குகள் போதா.

லைன் போனால்

முழு லைன்களோடு கணக்கிட்ட விளிம்பை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடவே கூடாது. நம் 0.5 ரியாக்டன்ஸ் உண்மையில் 1.0 வீதம் இரண்டு சர்க்யூட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டிரிப் ஆனால் 1.0, மூக்கு முனை நேர்பாதியாகி 0.5. ஜெனரேட்டர் எல்லையை அதோடு சேர்த்தால் இன்னும் கீழே போகும். 60 மெகாவாட் ஓடிக்கொண்டிருந்த அமைதியான சாயங்காலம் ஒரே டிரிப்பில் விடையில்லாத கணக்காகிவிடும். ஒவ்வொரு முக்கியமான லைனையும், ஒவ்வொரு பெரிய இயந்திரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கன்டினுவேஷனை எல்லைகளோடு மறுபடி ஓட்டுங்கள். நேரம் ஆகும். எல்லாவற்றையும் ஓட்ட முடியாவிட்டால், எந்த லைன் போனால் மற்ற லைன்களின் ரியாக்டிவ் இழப்பு அதிகம் கூடுகிறது என்று சாதாரண லோடு ஃப்ளோவில் வரிசைப்படுத்தி, முதல் பத்தை மட்டும் முழுதாக ஓட்டுங்கள்.

பிறகு அறிக்கை. முதல் பக்கத்தில் நான் எழுதச் சொல்வது மூன்றே விஷயம். மிக மோசமான ஒற்றை டிரிப்புக்குப் பிறகு எத்தனை மெகாவாட் வரை தாங்கும். அந்த வழியில் முதலில் எல்லை தொடும் இயந்திரம் எது, எத்தனை மெகாவாட்டில். இன்றைய உச்ச லோடில் அந்த இயந்திரத்தின் கையில் மீதி எத்தனை மெகாவார். மூன்றாவது எண்ணை கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்க்கிறவர் தன் திரையிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். மூக்கோடு கூடிய அழகான படம் பின்னிணைப்பில் இருக்கட்டும்.